நீ கொண்டு வந்த நண்டுக்கறி

அன்புத் தம்பிக்கு,

நீ வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமில் இருந்தபோது, சனிக்கிழமை தவறாமல் பை நிறையப் பிஸ்கட்டோடு வந்தேன். "அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்பாய். அது காதில் இனிக்கும்.

விடுதலையாகி வேலையும் தேடிக்கொண்ட நீ, நேற்று, பிளாக்டவுனில் வாடகைக்கு எடுத்த உன் அறையில் நீயே சமைத்த நண்டுக்கறியோடு என் வாசலில் நின்றாய். "உனக்கேன் இந்தக் கரைச்சல்?" என்று வாங்கிக்கொண்டேன். உள்ளே கூப்பிடவில்லை. "போட்டு வாறன், அக்கா" என்றாய். "ஓம், வா" என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினேன்.

நான் நேசித்தது உன்னையா, உனக்கு நான் தேவைப்பட்டதையா?

கறி நல்ல ருசி. நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டேன்.

வரும் சனிக்கிழமை உன் அறைக்கு வரட்டுமா? இந்த முறை வெறுங்கையோடு வருவேன்.

உன் அக்கா