திறந்து பார்க்காத தூக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் மகளும் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது. கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். போன முறை தொலைபேசியிலும் அப்படித்தான் சொன்னாய். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கொட்டாவி விட்டாய்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் போனும் நீ வெளிநாட்டில் வேலை பார்க்கிற அந்தத் துறைமுக நிறுவனம் கொடுத்ததுதானே. தொழில்நுட்பச் சட்டம் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று அம்மா அலுத்துக்கொள்கிறாள். "இவ வீட்டுச் சுவரைக்கூட நம்ப மாட்டேங்கிறா" என்று கீழே சலவைக் கடைக்கார அம்மாவிடம் புலம்பியிருக்கிறாள். ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை. மெதுவாகச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. போனில் நாம் இரண்டு பேருமே மெதுவாகப் பேசுகிற ஆட்கள் இல்லை.

இப்போது மத்தியானம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கிறது. அம்மா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்து நிற்கிறது. உன் மகள், நம் வாலு, தலையணையின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தலைகீழாகத் தூங்குகிறது. சலவைக் கடையில் துணி தேய்க்கும் ஆவி ஜன்னல் வழியாக மேலே வந்து, திரையைத் தொட்டுவிட்டுக் காணாமல் போகிறது. இந்த வீட்டில் விழித்திருப்பவள் நான் ஒருத்திதான். எனக்கும் கண்ணைச் சுழற்றுகிறது. எழுத்து கோணலாகப் போனால் கோபித்துக்கொள்ளாதே.

சில நாளாக எனக்கு ஒரே கனவு. கிரேனின் உச்சியில் இருக்கிற அந்தக் கண்ணாடி அறையில் நீ உட்கார்ந்திருக்கிறாய். கீழே கடல் இல்லை, கப்பல் இல்லை, வெறும் மேகம். நீ கொக்கியை மேகத்துக்குள் இறக்குகிறாய். ஒவ்வொன்றாக மேலே வருகிறது: நம் பழைய கட்டில், என் பள்ளிக்கூடப் பை, ஒரு முழுப் படிக்கட்டு. எல்லாவற்றையும் பூ மாதிரி இறக்கி வைக்கிறாய். நான் கீழிருந்து கத்துகிறேன். உனக்குக் கேட்கவே இல்லை. ஆனாலும் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய், உன் வேலையில் நீ சிரிக்கிற அந்தச் சிரிப்பு.

உன்னை அந்த அறையிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ ஏதோ சிரிப்புக் கதை போலத்தான் சொன்னாய். தூக்கத்தை அளக்க நிறுவனம் கையில் கட்டிவிட்ட பட்டை நீ சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னதாம், மேற்பார்வையாளர் உன்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாராம், மறுநாளிலிருந்து கிடங்கு அலுவலகத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையாம். "பசை நல்லா ஒட்டுது, எனக்கும் ஒரு பொழுதுபோக்கு" என்றாய். துறைமுகத்திலேயே உயரமான கிரேனை ஓட்டியவள் நீ. எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா.

அந்தக் கோபத்தில்தான் கட்டுரையை ஆரம்பித்தேன். எங்கள் கல்லூரியில் மாணவர்களே நடத்துகிற சட்ட இதழ் ஒன்று உண்டு என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? இந்த முறை தொழில்நுட்பத்துக்கும் சட்டத்துக்குமான சிறப்பிதழ். நூலகத்தின் கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறைதான் எங்கள் அலுவலகம். மின்விசிறி சுற்றுகிறதா யோசிக்கிறதா என்று தெரியாது. மத்தியானத்தில் அங்கே பாதிப் பேர் மெய்ப்புத் தாளின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்குவார்கள். எழுந்தால் கன்னத்தில் மை இருக்கும். தூக்கத்தைப் பற்றிச் சட்டம் எழுத அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

நான் எழுதியது இதுதான். வேலைக்கு வந்து நிற்கிற ஒருவர் அந்த நிமிடத்தில் வேலைக்குத் தகுதியாக இருக்கிறாரா என்று முதலாளி கேட்கலாம். நேற்று வீட்டில் எத்தனை முறை புரண்டு படுத்தார், எப்போது நெஞ்சு படபடத்தது என்று கேட்க முடியாது. சேர்ந்த நாளில் நீட்டிய கத்தைத் தாள்களில் ஒன்றாகக் கையெழுத்து வாங்கிவிட்டு, அதை ஒப்புதல் என்று சொல்லக் கூடாது. மறுத்தால் வேலை இல்லை என்றால் அது ஒப்புதலே இல்லை.

இதழின் ஆசிரியன் என்னோடு படிக்கிறவன்தான். எல்லோரும் அவனை அடிக்குறிப்பு என்றே கூப்பிடுவோம். ஆதாரம் இல்லாமல் "இன்று மழை பெய்கிறது" என்று எழுதினால்கூடக் கீழே குறிப்பு எங்கே என்பான். என் கட்டுரையைப் படித்துவிட்டு அவன் கேட்டது என்னை உலுக்கிவிட்டது. "சரி, கிரேனுக்குக் கீழ நான் நிக்கிறேன்னு வெச்சுக்கோ. மேல இருக்கிறவங்க தூங்கலைன்னு எனக்குத் தெரிய வேணாமா? என் தலை மேலதானே பெட்டி தொங்குது?"

பல நாள் அந்தக் கேள்வியோடு திரிந்தேன். அவன் கேட்டது நியாயம். கீழே நிற்பவர் வீட்டிலும் யாராவது காத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் கட்டுரையின் இரண்டாம் பாதியை எழுதினேன். ஏணியில் ஏறுவதற்கு முன்னால், கிரேனின் அடியிலேயே, விழிப்பைச் சோதிக்கலாம்: விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்துகிற மாதிரி ஒரு சின்னச் சோதனை. தேறினால் ஏறு, தேறாவிட்டால் அன்று ஓய்வு. ஏன் தூங்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். படுக்கையறைக்குள் யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

அடிக்குறிப்புக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் "எலும்பு இருக்கு, சதை எங்க? நிஜமா ஒரு ஆளோட கதை வேணும்" என்றான். நான் இதை உன்னிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நீ மறுநாளே உன் பட்டை பதிந்து வைத்த அத்தனையையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, ஒரு பென் டிரைவில் எனக்கு அனுப்பிவிட்டாய். "எடுத்துக்கோடி, எனக்கு என்ன வெக்கம்" என்று ஒரே ஒரு வரி. தபால் உறையைப் பிரித்துக் கவிழ்த்தேன். அக்காவின் முழுத் தூக்கமும் என் உள்ளங்கையில், ஒரு புளியங்கொட்டை கனம்கூட இல்லாமல்.

நான் அதைத் திறக்கவில்லை அக்கா. இன்று வரை திறக்கவில்லை.

திறந்திருந்தால் கட்டுரை கண்ணீர் வரவழைத்திருக்கும். பரிசுகூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் யாரும் பார்க்கக் கூடாது என்று எழுதுகிறவள் முதலில் தானே போய்ப் பார்ப்பதா? நீ கொடுத்தாய், உண்மைதான். தங்கைக்குப் படிப்பு நடக்க வேண்டும் என்றால் நீ எதையும் தூக்கிக் கொடுப்பாய். அதுவும் ஒருவகையில் மறுக்க முடியாமல் போட்ட கையெழுத்துதானே.

தவிர, நீ ஏன் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியாதா? போன விடுமுறை முடிந்து நீ கிளம்பியபோது வாலு தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் அழுவாள், அவள் அழுதால் உன் கால் நகராது என்று எழுப்பாமலே போனாய். அதுதான் சரி என்று நாங்களும் சொன்னோம். அத்தான் இறந்த பிறகு இந்த வீடு உன் ஒருத்தி தோளில் நிற்கிறது. நீ போகாமல் முடியாது. அன்றிலிருந்து அவள் போனுக்கு வருவதில்லை. அன்றிலிருந்து நீ கோழித் தூக்கம் தூங்குகிறாய். இதைச் சொல்ல ஒரு பட்டை வேண்டுமா?

அடிக்குறிப்பிடம் திறக்க மாட்டேன் என்றதும் அவனுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "உனக்கு வழக்காடவும் வராது, கதை சொல்லவும் வராது" என்று தாளை மடக்கிக்கொண்டு போனான். பிறகு இதழ் அச்சுக்குப் போகிற வாரத்தில் பார்க்கிறேன், என் கட்டுரையின் நடுவில் அவனே ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறான்: "ஒரு தொழிலாளியின் முழுத் தூக்கப் பதிவும் கட்டுரையாளரிடம் உள்ளது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை." அவ்வளவுதான். அதை இரண்டு முறை படித்தேன். அவனிடம் "கமா ஒண்ணு விட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னேன். அவன் மெனக்கெட்டு அரைமணி நேரம் தேடினான்.

உடம்பில் அணிகிற கருவிகளுக்கு விதிகள் எழுத இங்கே தொழிலாளர் துறை ஒரு குழு வைத்திருக்கிறது. இதழை அவர்களுக்கும் அனுப்பியிருந்தோம். ஒருநாள் என்னை வந்து பேசச் சொல்லிக் கடிதம் வந்தது. அம்மாவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பெரிய கூடம், பச்சை விரிப்புப் போட்ட மேசை, எல்லோர் குரலும் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்டது. நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. ஒரு ஓரத்தில் நிறுவனங்களின் சங்கத்துக்காக வந்த வழக்கறிஞர்.

அவர் நேரே அந்தக் குறிப்பில்தான் விரலை வைத்தார். இப்படி ஒரு தொழிலாளி நிஜமாகவே இருக்கிறாரா, அல்லது மாணவர்களின் கற்பனையா என்று கேட்டார். இருக்கிறார், என் அக்கா என்றேன். அப்படியானால் பதிவைக் குழுவிடம் கொடுங்கள், சரிபார்க்கலாம் என்றார். பென் டிரைவ் என் பையில்தான் இருந்தது. எடுத்து மேசை மேல் வைத்தால் முடிந்தது. பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு, "அதைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் சார் வந்திருக்கேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சட்டத்தைப் பற்றி எதையும் கேட்கவில்லை. "உங்க அக்கா இப்பவாவது தூங்குறாங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, மறுபடி பேனாவைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார்.

வரைவு விதிகள் போன வாரம் வெளியாயின. வேலை நேரத்துக்கு வெளியே கருவியை அணியச் சொல்லக் கூடாது. தகுதியை வேலையிடத்தில், வேலை தொடங்கும்போது மட்டுமே சோதிக்கலாம். அதைப் படித்தபோது தலைகால் புரியவில்லை. அறையே கூத்தாடியது. பிறகு மெல்ல உறைத்தது, இந்த விதி இந்த நாட்டுக்குத்தான். நீ இருக்கிற துறைமுகத்துக்கு இது எட்டாது. யாருக்கோ குடை பிடித்துவிட்டு உன்னை மழையில் விட்டது போல இருந்தது.

அடிக்குறிப்பு அப்போதும் சும்மா இருக்கவில்லை. எனக்குச் சொல்லாமலே இதழை உங்கள் துறைமுகத் தொழிற்சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறான். நேற்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. நிர்வாகத்தோடு பேசினார்களாம். கிரேனிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்கு மட்டும் முதலில் பட்டைக்குப் பதிலாக அந்தச் சோதனையை வைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்களாம். அடுத்த மாதம் உன்னைக் கூப்பிடுவார்கள். அதுவரை நீ பட்டையைக் கட்ட வேண்டியதில்லை. தேறினால் மறுபடி உன் கண்ணாடி அறை.

ஆனால் அக்கா, அந்தச் சோதனைக்கு நிஜமாகவே விழித்திருக்க வேண்டும். கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்லி அதை ஏமாற்ற முடியாது. ஏமாற்றவும் கூடாது, கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் கடிதமே. நேற்றுச் சாயங்காலம் வாலு இதழைப் புரட்டிவிட்டு, படமே இல்லாத புத்தகத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். ஒருவர் தூங்கும்போது அடுத்தவர் பார்க்கலாமா கூடாதா என்று எழுதியிருக்கிறேன் என்றேன். இதழை மூடி வைத்தாள். பிறகு, "அம்மா போறப்ப நான் தூங்கிட்டிருந்தேன்ல, அப்ப என்னைப் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

அம்மா உன்னைப் பார்த்தாள் என்றேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள் என்றேன். உன் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டாள், நீ தூக்கத்தில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாய், அதை விடுவிக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது என்றேன். இதையெல்லாம் இதற்கு முன் ஏன் அவளிடம் சொல்லாமல் இருந்தோம் என்று தெரியவில்லை. அழுதுவிடுவாள் என்று நாம்தான் பயந்தோம் போலிருக்கிறது.

அவள் அழவில்லை. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்: "அடுத்த தடவ போறப்ப என்னை எழுப்பிட்டுப் போகச் சொல்லு. அழ மாட்டேன். அழுதாலும் எழுப்பணும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. அடுத்த தடவை என்று சொன்னாள் அக்கா.

மூத்தவளை வாழ்த்த எனக்கு வயதில்லை. தூங்கு என்று சொல்ல வயது பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இதை மடித்து வைத்துவிட்டு, திரையை இழுத்து விட்டுப் படு. யாரும் பார்க்கவில்லை. இங்கே எல்லோரும் பத்திரம். அடித்துப் போட்டாற்போல் தூங்கு.

இப்படிக்கு,
என்றும் உன் தங்கை