எண்ணெய் தேய்க்காத ஆடி வெள்ளி

தென்காசி
3-8-1956, வெள்ளிக்கிழமை

அத்தான் அவர்களுக்கு, ஆவுடைத்தாய் வணங்கி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகம். கொழும்பில் நீங்களும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். சித்திரைக்குப் பிறகு கடிதம் வராததால் நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது.

கீழ வயலில் கார் நடவு முடிந்தது. சாரல் விடாமல் பெய்வதால் தண்ணீருக்குக் குறைவில்லை. அத்தைக்கு இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. மதுரைக்குப் போய்க் காட்டலாம் என்றால், மகன் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கடை இஸ்மாயில் அண்ணாச்சி ஊருக்கு வந்தவர், திங்கட்கிழமை திரும்புகிறார். இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். அவர் உங்களிடம் சொல்லும் முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மாசியில் எனக்கு டைபாய்டு வந்ததை எழுதியிருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று நீங்களும் பதில் போட்டிருந்தீர்கள். பார்த்துக்கொண்டேன். பங்குனியில் எழுந்து நடமாடிவிட்டேன். வைகாசியில்தான் முடி கொட்டத் தொடங்கியது. முதலில் தலையணையில் கிடந்தது. பிறகு ஈரத்தலையைத் துவட்டினால் துண்டோடு வந்தது. அத்தைதான் எனக்கு வெள்ளிதோறும் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சித் தேய்த்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசினார்கள். கண் சரியாகத் தெரியாததால் கையில் வந்ததைத் தேங்காய் நார் என்று எண்ணிக் கீழே போட்டார்கள். மறுபடியும் வந்தது. தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது முடியில்லா" என்றார்கள்.

செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்தோம். கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சினோம். வெந்தயம் ஊறவைத்துப் பூசினோம். ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் போனால், காய்ச்சல் முடியைத்தான் கொண்டுபோயிருக்கிறது, வேரைக் கொண்டுபோகவில்லை என்றார். கொஞ்ச நாள் எண்ணெயும் சீப்பும் வேண்டாம், முருங்கைக்கீரையும் முட்டையும் சாப்பிடு, தானாக வரும் என்றார். ஆனால் அதற்குள் அங்கங்கே திட்டுத் திட்டாகப் போய், மிச்சமிருந்தது சிக்குப் பிடித்துத் தொங்கியது. கோயிலுக்குப் போவதை விட்டேன். தெருக் குழாய்க்கும் விடியும் முன் கருக்கலிலேயே போய்வந்தேன். யாராவது வாசலில் கூப்பிட்டால் முதலில் முந்தானையைத் தேடுவேன்.

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் அக்காதான் பண்பொழித் திருமலை முருகனுக்கு முடி கொடுத்துவிடலாம் என்றாள். ஆனியில் இரண்டு பேரும் போனோம். மலைமேல் முடி இறக்குகிறவர் கத்தியைத் தீட்டிவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று கேட்டார். அவுக கொழும்புல இருக்காக என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே கேட்கவில்லை. கத்தி பட்டபோது வலிக்கவில்லை. காது இரண்டும் திடீரென்று குளிர்ந்தன, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் குற்றாலத்தில் இறங்கினோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அருவி வெறும் தலையில் விழுந்தபோது கல் விழுவது போலிருந்தது. கூட்டமெல்லாம் மறைந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. அங்கே நின்று கொஞ்சம் அழுதேன். அருவியில் நிற்கிறவள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

கரையேறி ஈரச்சேலையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். புளியங்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்து அம்மாள் ஏதோ வேண்டுதலுக்காக, குளித்து ஏறிய பெண்களுக்கெல்லாம் மஞ்சள், குங்குமம், பூ கொடுத்துக்கொண்டு வந்தாள். முப்பிடாதி அக்காவுக்குக் கொடுத்தாள். என் தலையைப் பார்த்தாள். எனக்கு அடுத்து நின்றவளுக்குக் கொடுக்கப் போய்விட்டாள். நான் தாலியை வெளியே எடுத்துக் காட்டியிருக்கலாம். கை எழவில்லை. அக்காதான் கூப்பிட்டாள்: "தாயீ, இவளுக்கும் குடுங்க. இவ புருசன் கொழும்புல நல்லா இருக்காரு."

அந்த அம்மாள் பதறிப்போனாள். என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். தன் விரலாலேயே எனக்குக் குங்குமம் இட்டாள். பூவை வைக்க இடமில்லை. தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டேன். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. நீங்கள் நன்றாக இருப்பதாக அக்கா அத்தனை பேர் முன்னால் சொன்னாளே, அது நிச்சயம்தானா என்று என்னிடம் கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்புத்தான்.

போன வாரம் இஸ்மாயில் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். நீங்கள் கொடுத்தனுப்பியதாகச் சொல்லித் தலைக்கு வாசனை எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தார். மூடியைத் திறந்தால் தாழம்பூ வாசனை. தாழம்பூ உங்களுக்குத் தலைவலியாயிற்றே, எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று யோசித்தேன். அண்ணாச்சி என் முக்காட்டைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அங்கே எல்லாம் சவுகரியமா, இந்த வருஷம் வருவார்களா என்று கேட்டேன். கடையில் வேலை அதிகம் என்றார். காப்பியைக் குடிக்காமலே எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "தங்கச்சி, நீயே எழுதி வரச் சொல்லு. சீக்கிரமா வரச் சொல்லு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்று ஆடி வெள்ளி. தெருவில் எல்லா வீட்டிலும் சீயக்காய் மணம். பெண்கள் முற்றத்தில் முடியை விரித்து உலர்த்திக்கொண்டு ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். என் தலையில் இப்போது அறுத்த வயல் மாதிரி குத்துக் குத்தாக முளைத்திருக்கிறது. அத்தை தினமும் தடவிப் பார்த்து, வளருது என்கிறார்கள். வளர்ந்து தோளைத் தொட இன்னும் வெகு காலம் ஆகும். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். இப்படியே பார்த்தாலும் எனக்குக் கூச்சமில்லை. வர முடியாது என்றால், அல்லது வர மனமில்லை என்றால், அதையும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். இன்னொருவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி நான் கேட்க வேண்டாம்.

அங்கே வெக்கை அதிகம் என்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். குளித்த அன்று பகலில் தூங்க வேண்டாம். நீங்களே தேய்த்துக்கொள்வதென்றால் உச்சியில் நன்றாகச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். வேறு யாராவது தேய்த்துவிடுவதாக இருந்தால், கண்ணில் வழியாமல் பார்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கண் சட்டென்று சிவந்துபோகும். அது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

திருமலை முருகன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
ஆவுடைத்தாய்