என் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கேமரா கடையில் நின்றுகொண்டிருந்தேன். கோடியக்கரைக்குப் பறவைகள் வந்துவிட்டன. போய்ப் படம் எடுக்க வேண்டும், கேமராவை ஏற்றும் பழைய ஸ்டாண்டின் திருகோ தேய்ந்துபோய்விட்டது. கடைக்காரர் கறுப்பாகப் பளபளவென்று ஒன்றை எடுத்து மூன்று கால்களையும் விரித்தார். என் நெஞ்சுக்குத்தான் வந்தது. உடனே நடுவிலிருக்கும் குழாயைச் சரசரவென்று மேலே இழுத்துவிட்டு, "உங்க ஹைட்டுக்கு கரெக்டா இருக்கும் மேடம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் குரல் கேட்டுவிட்டது: "கழுத்த நீட்டுனா ஆளு ஒசரமாயிடுவாளா?"

சத்தமாகவே சிரித்துவிட்டேன். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேனோ என்று அந்த மனிதர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நீ ஐந்தடிக்கே இரண்டு விரல் குறைவு. பள்ளிக்கூடத்தில் நாம் சேர்ந்து நடந்தால் வாத்தியார்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதென்று எங்கள் தேவாலயத்தில் என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். பெண் பார்க்க வரும்போதெல்லாம் அம்மா என் முதுகைத் தட்டி, "கொஞ்சம் குனிஞ்ச மாதிரி நில்லு" என்பார். குனிந்தேன். அப்படியும் எவனும் சம்மதிக்கவில்லை. கூன் விழுந்ததுதான் மிச்சம்.

அப்பாவுக்குப் பிறகு கூத்தாநல்லூர் ஸ்டுடியோவை நான்தான் நடத்தினேன். வெளிநாட்டிலிருக்கும் கணவரிடம் போகிற பெண்களுக்கு பாஸ்போர்ட் படம் வேண்டும். அதை எடுப்பது ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது என்று அந்த ஊர் நினைத்தது. என் பிழைப்பு அதில் ஓடியது. ஆனால் ஸ்டாண்டு அப்பாவுடையது. உட்கார்ந்திருப்பவர்களை எடுப்பதற்காக, அவருடைய உயரத்துக்கு வாங்கியது. நாள் முழுக்க அதன் முன்னால் வளைந்து நின்று, பொழுது சாய்ந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். உயரமாகப் பிறந்தால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த மார்கழியில் நீ மூச்சிரைக்க ஸ்டுடியோவுக்குள் வந்தாய். உன் அம்மா பயிர் செய்துவந்த மூன்று மா நிலம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா காலத்திலிருந்தே பண்ணையிடம் வாய்ச்சொல்லாக வாங்கிய குத்தகை. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. குத்தகைப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கச் சொல்லி அம்மா மனுக் கொடுத்ததும், அவர் வெறும் கூலிக்கு வந்தவர், அந்த இடத்தையும் சேர்த்து நாங்களே பயிர் செய்கிறோம் என்று பண்ணை எழுதிக் கொடுத்துவிட்டது. மேடைகளில் உழுபவனுக்கே நிலம் என்றார்கள். தாலுகா ஆபீஸில் ஆதாரம் எங்கே என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் உன் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஆதாரம் வயல்லயே நிக்குதுடி" என்றாய். "பண்ணை முழுக்க ஐ.ஆர். நெல்லு, குட்டைப் பயிரு, பழுத்துடுச்சு. அம்மா நட்டது வீட்டு வெத. பழைய சம்பா. என் நெஞ்சு ஒசரத்துக்கு இன்னும் பச்சையா நிக்குது. அறுப்பு ஆரம்பிச்சா எல்லாத்தையும் சேத்து அறுத்துப்புடுவாங்க. அதுக்கு முன்னாடி நீ படம் புடிக்கணும்."

மறுநாளே போனோம். பனி விலகாத வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுத்தால் நடுங்கும். அப்பாவின் ஸ்டாண்டை வைத்து, உயரம் போதாமல் நடுக்குழாயை முழுக்க மேலே இழுத்து எடுத்தேன். காற்றில் அது நாணல் மாதிரி ஆடியது. பிரிண்டில் எல்லாமே இரட்டை இரட்டையாக விழுந்திருந்தது. அதுவும் முன்னால் நின்ற பச்சைக் கதிர்கள் சுவர் மாதிரி மறைத்து, அந்தப் பக்கத்து வரப்பே தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெல்லு தெரியுது. நெலம் தெரியலையேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். விசாரணைக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் அழாத குறை. நீ என்னை இழுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாய்.

ஸ்டாண்டு வாங்குவதற்கு உன்னைப் போல ஆள் கிடையாது. கேமராவின் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்றுகூட உனக்குத் தெரியாது. ஆனால் ஏர் வாங்கவும் மாடு வாங்கவும் தெரிந்தவர்கள் வீட்டில் வளர்ந்தவள். முதலில் என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தாய். "குனியாத. நிமுந்து நில்லு. இன்னும்." கடைக்காரர் குழாயை மேலே இழுக்க இழுக்க, நீ கீழே இறக்கிக்கொண்டே இருந்தாய். "அது கழுத்துங்க. எனக்குக் காலக் காட்டுங்க." ஐந்து மடிப்பாக நீளும் ஒன்றை அவர் காட்டியபோது அடிக் காலைத் தொட்டுப் பார்த்து, "விரல் மொத்தம்கூட இல்ல, இது நம்ம ஊருக் காத்துக்கு நிக்குமா?" என்று ஒதுக்கிவிட்டாய். மூன்று மடிப்புக் கால், கனமானது, உலுக்கினால் நடுங்காதது. மேலே கேமரா உட்காருமாகையால் ஸ்டாண்டு என் மோவாய் வரை வந்தால் போதும் என்று கணக்குப் போட்டாய்.

"லேடீஸுக்கு எதுக்குங்க இவ்ளோ ஒசரம்?" என்றார் அவர்.

"ஏன், லேடீஸ்னா குனிஞ்சேதான் பாக்கணுமா?"

அன்றைக்கு அந்தக் கடையில் முதுகு நிமிர்ந்து நின்றுகொண்டு கேமராவுக்குள் பார்த்தேன். கண்ணுக்கு நேராக இருந்தது. எனக்கு வயது இருபத்தெட்டு. என் உயரத்துக்குச் சரியாக ஒரு பொருள் அமைந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் திரும்பும்போது பஸ் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைக் கோட்டைவிட்டோம். நீ உன் ஆயுளில் ஒப்புக்கொண்ட ஒரே தப்பு அது. சேற்றில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர் சிமெண்டுத் தரையில் அளந்திருக்கிறோம்! வரப்போ ஒரு முழ அகலம்கூட இல்லை. ஒரு கால் வரப்பில் நின்றது, மற்ற இரண்டும் வயலுக்குள் இறங்கின. முந்தின நாள் மழையில் சேறு ஒரு சாண் உயரத்தை விழுங்கிவிட்டது. மறுபடி பச்சைச் சுவர். பின்னால் வரப்பைக் காணோம். நீ ஓடிப்போய், வயலைச் சமப்படுத்த மாட்டில் கட்டி இழுக்கும் பரம்புப் பலகையைத் தலையில் தூக்கிவந்தாய். சேற்றில் போட்டு, அந்த இரண்டு காலையும் அதன்மேல் ஏற்றினாய். காற்றுக்கு ஆடாமலிருக்க நீயே சேற்றில் உட்கார்ந்து கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டாய்.

போன வாரம் அந்தக் கடைக்காரர் கிடங்கிலிருந்து பெரிய ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "இது உங்களுக்கே ஒசரம் ஜாஸ்தி மேடம்" என்றார். "சேத்துல நிக்கணுங்க" என்று சொல்லி அதைத்தான் வாங்கினேன். என்னைவிட ஒரு சாண் உயரம் அது.

அன்றைக்கு வயலில், பலகைமேல் ஏறியதும் கேமராவுக்குள் எல்லாம் தெரிந்தது. நாலு பக்கமும் வரப்பு, சுற்றிலும் பழுத்த குட்டைப் பயிர், நடுவில் உன் அம்மாவின் பச்சை. விசையில் விரலை வைத்த நேரம் பண்ணைக் காரியக்காரர் வந்துவிட்டார். "யாரக் கேட்டு இங்க படம் புடிக்கிறீங்க?" என்று கேட்டு வயலுக்குள் இறங்கி லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றார். எனக்குப் பழக்க தோஷம், முதுகு தானாக வளையப் பார்த்தது.

"குனியாத. எடு" என்றாய் கீழேயிருந்து. பிறகு அவரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முண்டாசு மறைக்குது" என்றாய். அவர் தள்ளவில்லை. அதனால் நஷ்டமும் இல்லை. அவர் தலைக்கு மேலேயே எடுத்துவிட்டேன். அவருடைய முண்டாசு மட்டும் படத்தின் அடியில் ஓரமாக விழுந்தது.

விசாரணையில் அதிகாரி அந்தப் படத்தை மேசையில் வைத்து, "எல்லாம் உங்க பயிருன்னா இது மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்றார். பண்ணை வக்கீல் தொண்டையைச் செருமினார். அதற்குள் காரியக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்த வயலைப் பார்த்து அவர் தெருவெல்லாம் பெருமை பேசுவாரோ, அதில் அந்தப் பழைய நெல்லையும் சேர்ப்பதா? "எங்க பண்ணையில அந்த நெல்ல எவன்ங்க நடுவான்? எல்லாம் ஐ.ஆர். தான். அது அந்தம்மா வீட்டு வெத, அந்தம்மா நட்டது!" என்றார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். பதிவேட்டில் உன் அம்மாவின் பெயர் ஏறியது. வெளியே வந்ததும் நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாய். அதற்கு மேல் உனக்கு எட்டாது.

இன்று உன் மகள் அதே மூன்று மாவில் பயிர் செய்கிறாள். உன் பதினாறாம் நாளுக்கு முன்பு வந்து, "பெரியம்மா, அம்மா படம் உங்ககிட்ட இல்லாமலா இருக்கும்?" என்று கேட்டாள். பெட்டி பெட்டியாகத் தேடினேன். நாற்பது வருஷம் என்னோடு ஊர் ஊராக வந்தாய், ஒரு படத்தில்கூட நீ இல்லை. நான் எடுக்கும்போதெல்லாம் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவையாவது உன்னை எழுப்பி முன்னால் நிறுத்தத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

கடைசியில் அந்த வயல் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். மகள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல அம்மா எங்க பெரியம்மா?"

"கதிரெல்லாம் காத்துல கலைஞ்சிருக்கு பாரு" என்றேன். "வரப்ப பாரு. ஒரு கோடுகூட ஆடல. உங்கம்மா கீழ உக்காந்து புடிச்சிருக்கா."

அவள் வரப்பின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்தினாள். பிறகு எழுந்து போய் அந்தப் படத்துக்கே மாலை போட்டாள்.