கிழித்து வைத்த பின்பக்கங்கள்

என் செலினுக்கு,

'என்' என்று உனக்கு நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. 'அன்புள்ள செலின் அவர்களுக்கு' என்று தொடங்கி 'இப்படிக்கு' என்று முடிப்பேன். ஆறு வருஷமும் அப்படித்தான். "டீச்சரக்கா, நீங்க போடுத கடுதாசி கோர்ட்டு நோட்டீசு மாதிரியே இருக்கு" என்று நீ பதில் எழுதுவாய். இப்போதுதான் மாற்றி எழுத வருகிறது, படிக்க நீ இல்லாதபோது.

நீ போய் நாலு மாதமாகிறது. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் மழை விட்டுவிட்டதாம். டிஸ்பென்சரியில் உன் இடத்துக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். மாத்திரை மடிக்கத் தெரிகிறது, கதை கேட்டால் முழிக்கிறாள் என்று கொழுந்து பறிக்கும் மரியபுஷ்பம் எழுதியிருக்கிறாள். நம் வாரப் பத்திரிகையில் புதுத் தொடர் ஆரம்பித்திருக்கிறார்கள். நான் படிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஒரு சிறு பத்திரிகை போடுவதாகச் சொல்லியிருக்கிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

ஆறு வருஷத்துக்கு முன் நம் வாரப் பத்திரிகையில் வந்த தொடரில் வசுமதி என்றொருத்தி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவளை ஏமாற்றிவிட்டுப் போனவன் திரும்பி வந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவன் பின்னால் போய்விட்டாள். முற்றும். எனக்கு வந்த எரிச்சலில் பத்திரிகைக்கு நாலு வரி திட்டி எழுதினேன். பெயர், பாலக்காட்டு விலாசம் எல்லாவற்றோடும் போட்டுவிட்டார்கள். கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள் வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதா என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியில் உன் முதல் கார்டு வந்தது. "நீங்க சொன்னது சரி. நான் மாத்தி எழுதுனதுல அவளை வேலைய விட விடல. நோட்டு அனுப்பட்டுமா?"

நான் நம்பவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரி ஆயா கதை எழுதுகிறாளாம், பார்க்கலாம் என்றுதான் பிரித்தேன். எண்பது பக்க நோட்டு. உன் வசுமதி ராஜினாமாக் கடிதத்தை எழுதி, மடித்து, அதாலேயே சூடான டம்ளரைப் பிடித்து டீ குடித்தாள். அன்று எனக்கு வகுப்பு இருந்தது. அரைமணி தாமதமாகப் போனேன்.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு தாள்களில் நீ எழுதுவதில்லை. அவை வாசகர்களுடையவை. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வரிசையில் நிற்கும்போது மரியபுஷ்பம் சத்தமாகப் படிப்பாள். கேட்டவர்கள் சொல்வதைப் பென்சிலால் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். 'மூணாம் லயத்து வீட்டு ஞானம்மா சொல்லுதா: வசுமதி அவனுக்குக் காப்பி குடுத்திருக்கக் கூடாது. குடுத்தாலும் சீனி போட்டிருக்கக் கூடாது.' 'அந்த மாமியாருக்கு மூட்டுவலி வரணும்.' அடுத்த நோட்டில் மாமியாருக்கு மூட்டுவலி வந்துவிடும். அதற்கு நீ டிஸ்பென்சரித் தைலமும் கொடுத்துவிடுவாய், பாவம் பார்த்து. அதற்கும் பின்பக்கத்தில் திட்டு விழும்.

மலையில் எல்லோரும் கேட்டு முடித்தபின் மரியபுஷ்பம் நோட்டை நேராக எனக்கு அனுப்புவாள். நான்தான் கடைசி வாசகி. கடைசித் தாளில் எனக்கென்று நீ விட்டிருக்கும் இடத்தில் என் கருத்தை எழுதித் திருப்பி அனுப்பினால்தான், பின்பக்கம் முழுக்கப் படித்துவிட்டு நீ அடுத்த நோட்டைத் தொடுவாய். ஆறு நோட்டுக்கும் அப்படிச் செய்தேன். 'நடை சீராக உள்ளது' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களில் அதைப்போலச் செத்த வாக்கியம் வேறு கிடையாது.

ஏழாவதில் வசுமதியைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றினாய். வழியில் லாரிகளை நிறுத்தும் வாளையார் சோதனைச்சாவடியை நீ பார்த்ததில்லை. லாரிக்காரர்கள் எங்கே டீ குடிப்பார்கள், பஸ்ஸில் இருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டு எழுதினாய். உனக்காக ஒரு சனிக்கிழமை போய் டீக்கடைக்காரரிடம், "ஏனுங்க, லாரியெல்லாம் எவ்வளவு நேரம் நிக்குமுங்க?" என்று கேட்டேன்.

"அது மழையப் பொறுத்துதுங்க, பேப்பரப் பொறுத்துதுங்க. ஏனுங்க அம்மிணி, லாரி ஓட்டப் போறீங்களா?"

அதை அப்படியே கதையில் வைத்தாய். நான் ஒரு கதைக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

அந்த நோட்டு, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நிற்பதோடு முடிந்தது. அவள் இறங்கித் திரும்புவாளா, தாண்டிப் போவாளா? எட்டாவதில் சொல்ல வேண்டியது. நான் உனக்குத் திருப்பி அனுப்பாமல் மெட்ராசுக்கு, அந்தப் பத்திரிகைக்கே அனுப்பினேன். இது அச்சில் வர வேண்டியது என்று நினைத்தேன். உன்னைக் கேட்கவில்லை. வந்தபின் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தேன்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான்.

அனுப்பும் முன் பின்பக்கங்களைக் கிழித்தேன். பென்சில் எழுத்து, டீக்கறை, எழுதத் தெரியாதவர்களின் கைநாட்டு. ஆசிரியர் பார்த்தால் உன்னைக் குறைவாக நினைப்பார் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் யார் குறைவாக நினைத்தது, செலின்? அளவுகோல் வைத்து, தையல் விடாமல், பதினொரு தாள். மேசை இழுப்பறையில் வைத்தேன். நோட்டு திரும்பி வந்ததும் கோந்து போட்டு ஒட்டிவிடலாம், உனக்குத் தெரியவே போவதில்லை என்று கணக்குப் போட்டேன்.

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை வந்தது. நோட்டு வரவில்லை. மூன்று கடிதம் எழுதினேன். கடைசியில் மெட்ராசுக்கு நேரிலேயே போனேன். அடுக்கடுக்காகக் காகிதம் கிடந்த ஒரு அறையைக் காட்டி, "தேடிப் பாருங்கம்மா" என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். பகல் முழுக்கத் தேடினேன்.

உனக்கு, நோட்டைப் பத்திரிகைக்கு அனுப்பியதை மட்டும் சொல்லி, தொலைந்ததைச் சொல்லாமல், 'பரிசீலனையில் இருக்கிறது' என்று எழுதினேன். கோர்ட்டு நோட்டீஸ் நடைதான். அப்போது நீ போட்ட பதிலை இப்போது பர்சில் வைத்திருக்கிறேன். "நோட்டு அங்கயே இருக்கட்டும் டீச்சரக்கா. எனக்கு அச்சு வேண்டாம். பின்பக்கம் மட்டும் யாரையாவது பாத்து எழுதி அனுப்பச் சொல்லுவீங்களா? நேர்ல கேட்டா மறந்துபோச்சுங்காக. அவுக என்ன சொன்னாகன்னு தெரியாம எனக்கு அடுத்தது ஓட மாட்டேங்கு."

பின்பக்கம் என் இழுப்பறையில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு உறையும் தபால்தலையும் போதும். ஆனால் அனுப்பினால் கிழித்தது தெரிந்துவிடும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாள் தள்ளினேன். மூன்று மாதம். பிறகு காய்ச்சல் என்று படுத்தாய். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது என்று மரியபுஷ்பத்தின் கார்டு வந்தது.

உன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பதினொரு தாளும் கைப்பையில் இருந்தன. எல்லோரும் இருந்தார்கள். ஜெபம் முடிந்து காப்பி கொடுத்தார்கள். மரியபுஷ்பம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நோட்டு வந்துச்சா டீச்சர்?"

"வரல."

"வசுமதி எறங்குனாளா இல்லியான்னு உங்ககிட்டயாவது சொல்லியிருப்பா."

"சொல்லல மரியபுஷ்பம்."

ஞானம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்ல மாட்டா. நம்மகிட்ட கேக்காம அவ எதத்தான் முடிவு பண்ணுனா" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க படிச்சவுக. மிச்சத்த எழுதிருங்களேன்" என்றாள். கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கைப்பையைத் திறக்காமலே மலையிறங்கினேன்.

எழுதியும் பார்த்தேன். என் கையில் வசுமதி பஸ்ஸில் எழுந்து நின்று பிரசங்கம் செய்கிறாள். கிழித்துப் போட்டேன். கிழிப்பதை மட்டும் சரியாகச் செய்கிறேன்.

இனி அந்தக் கதைக்கு முடிவு எங்கும் இல்லை. ஏழாவது நோட்டு காகித அறையில் மக்கும், அல்லது கடைக்குப் போய்ப் பொட்டலமாகியிருக்கும். மிஞ்சியது என்னிடம் இருக்கும் பேச்சு மட்டும்: 'பஸ்ஸை அங்க நிப்பாட்டினது நல்லாருக்கு. ரொம்ப நேரம் நிப்பாட்டிராத செலினு.' ஞானம்மா சொன்னது. இதை நீ படித்திருந்தால் மறுநாளே எட்டாவதைத் தொடங்கியிருப்பாய் அல்லவா?

மன்னிப்புக் கேட்கவில்லை. அதை வாங்கிக்கொள்ள நீ இல்லாதபோது கேட்பது சுலபம். ஒன்று மட்டும் சொல்கிறேன். இது அச்சாகி மலையேறினால் மரியபுஷ்பம் வரிசையில் நின்று சத்தமாகப் படிப்பாள். அதற்கு முன் நான் ஏறுவேன். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போய், எல்லோரும் இருக்கும்போது பதினொரு தாளையும் அவள் கையில் கொடுத்து, கிழித்தது நான்தான் என்று சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். எதுவும் சொல்லாமல் நிறுக்கப் போய்விட்டாலும் நிற்பேன்.

பதினோராவது தாளில் எனக்கென்று நீ விட்டிருந்த இடம் காலியாகவே இருக்கிறது. அதில் என்ன எழுத, செலின்?

உன் கடைசி வாசகி,
டீச்சரக்கா