குங்குமம் பட்ட டிஸ்க்

12-10-1978, வியாழன்

காலையில் புது டிஸ்க்கைப் போட்டுக் கம்ப்யூட்டரை இயக்கினேன். கிளம்பவே இல்லை. திங்கட்கிழமை பழைய டிஸ்க்கிலிருந்து நான்தான் எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து வைத்தேன். அன்று சாயங்காலம் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. அறையைக் கூட்டும் வள்ளியக்கா அந்த டிஸ்க்கின் பிளாஸ்டிக் மூடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் மூடியிலிருந்த பொட்டைப் பார்த்தார். "தூள் உள்ள போயிருச்சு. இனி அந்தம்மா இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது."

"மூடி மேலதானுங்க சார் வெச்சேன்" என்றார் அக்கா. பகலெல்லாம் வராந்தாவிலேயே நின்றார்.

பழைய டிஸ்க்கில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, புதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு ஃபைல்கூட விட்டுப்போகவில்லை. மூன்று மணிக்குத்தான் உறைத்தது. டிஸ்க்கின் தொடக்கத்தில், கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் சிறிய புரோகிராம் ஒன்று இருக்க வேண்டும். அது ஃபைல்களோடு வராது, தனியாக எழுத வேண்டும். நான் எழுதவில்லை. இப்போது எழுதினேன். உடனே கிளம்பியது.

"பாத்தியாம்மா, அவளை வெளிய நிறுத்துனதும் ஓடுது" என்றார் சூப்பர்வைசர். நான் அடுத்த வேலையை எடுத்து ஓட்டினேன்.

வீடு திரும்பும் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வள்ளியக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க அம்மிணி, மிசினு ஓடிருச்சுங்களா?"

"ஓடிருச்சுங்க அக்கா."

"நல்லதாப் போச்சுங்க. என்னாலதான் உங்களுக்கு இத்தன செரமம்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, வீட்டுப் பூஜைப் பொரியை என் கையில் கொட்டினார்.

பொரி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. தின்ன முடியவில்லை.