வெண்டைக்காயும் ஒரு கப்பல் சமையல்காரரும்

அக்கா,

இன்று காலை ரங்கூனில் தாமுவே பேட்டைச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு சோற்றுக்கடையிலிருந்து, எண்ணெயில் மாவு கருக வறுபடும் வாசனை வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். என்ன குழம்பு என்று கடைக்காரரைக் கேட்டேன். "இது ரங்கூன்லயே பழைய குழம்புங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கு" என்றார். அது வந்து நாலைந்து வருஷம்கூட ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பீர்கள் என்று நினைத்தபடி நடந்தேன்.

கப்பல்கள் வந்து கட்டும் ஜெட்டிக்குப் பக்கத்தில் உங்கள் சோற்றுக்கடை. உங்கள் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். அதனால் காலையில் மீன்சாற்றில் சேமியா போட்ட பர்மா மொஹிங்கா, மதியம் மீன்குழம்பு. பக்கத்துக் கிடங்கில் சரக்குக் குமாஸ்தாவான எனக்கு இரண்டு வேளையும் உங்கள் கைச்சாப்பாடுதான். கப்பலிலிருந்து யார் இறங்கி வந்தாலும், உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று என்னைக் கேட்கச் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷும் அதற்குத்தான் செலவானது.

அப்படி ஒருநாள் இறங்கி வந்த அந்த அமெரிக்கக் கப்பலின் சமையல்காரர் நம்மைவிடக் கருத்தவர். உங்கள் கூடையில் வெண்டைக்காயைக் கண்டதும் ஒன்றை எடுத்து நுனியை முறித்துப் பார்த்தார். தன் ஊர் நியூ ஆர்லியன்ஸ் என்றார். அதுவும் ரங்கூன் மாதிரி சேற்று ஆற்றங்கரைத் துறைமுகம்தானாம். அங்கேயும் சோறு, இறால், இந்தக் காய். இது அங்கே எப்படிப் போனது என்று கேட்காமல் நீங்கள் விடவில்லை. விற்பதற்காகக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோன ஆப்பிரிக்க ஜனங்களோடு போனது, தன் முன்னோரும் அப்படிப் போனவர்கள்தான் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் நீங்கள் கூடையை அவர் பக்கம் நகர்த்தினீர்கள். பிறகு அடுப்பைக் காட்டினீர்கள்.

"சமைக்கச் சொல்லு தம்பி. பாத்துடுவோம்."

அவர் மாவை எண்ணெயில் கிளறக் கிளற, தீய்கிறது என்று நீங்கள் கரண்டியைப் பிடுங்கப் போனீர்கள். அவர் தரவில்லை. காப்பிக்கொட்டை நிறம் வந்த பிறகுதான் வெங்காயம் போட்டார். பையிலிருந்து, பன்றியோ மாடோ தெரியாத உப்புக்கறித் துண்டு ஒன்றை எடுத்தபோது மட்டும் குறுக்கே கை நீட்டினீர்கள். இந்தச் சட்டியில் இந்துவும் முஸ்லிமும் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லச் சொன்னீர்கள். அவரும் மறுபேச்சில்லாமல் அதைப் பைக்குள் வைத்துவிட்டார். நாம் மூவரும் வழித்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் ஜெட்டியில் வேறு பேச்சு. கப்பல்காரன் ஏதோ கறி போட்டுச் சமைத்த சட்டி என்று பரவிவிட்டது. மூட்டைக்கூலிகளின் மேஸ்திரி தன் ஆட்களை வேறு கடைக்குத் திருப்பிவிட்டார். தினமும் சோறு மிஞ்சியது. கடையே போய்விடும் என்று எனக்குப் பயம். சட்டியை உடைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றேன்.

"உடைச்சா, பேசினது நெசம்னு ஆயிடும்" என்றீர்கள்.

அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்தீர்கள். மூட்டைக்காரர்கள் போகிற வழியில், எல்லோரும் பார்க்க, அதே சட்டியில் மாவு வறுத்து, இறாலும் வெண்டைக்காயும் போட்டு இறக்கினீர்கள். முதல் கவளத்தை நீங்களே சாப்பிட்டீர்கள். வாசனைக்கு நின்ற மேஸ்திரி கடைசியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டு முடித்து, இதற்குப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். கம்போ என்று சமையல்காரர் சொல்லியிருந்த பெயர் உங்கள் வாயில் நுழையவில்லை. கருத்த குழம்பு என்றீர்கள். அடுத்த நாள் அவருடைய ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நாளில் மற்றக் கடைகளும் அதை வைக்கத் தொடங்கின.

பிறகு ஒருநாள் நீங்களாகவே அதில் புளி கரைத்து விட்டீர்கள். அன்றைக்குத்தான் அது நம் குழம்பானது. அந்தச் சமையல்காரரைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. அந்தக் கப்பல் திரும்பவே இல்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சலாகக் கிடந்தபோது, பேச்சே குறைந்துபோன நிலையில் என்னைக் கேட்டீர்கள்: "அவங்க ஊர்ல புளி கிடைக்குமா, தம்பி?"

மாலுமிகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, அந்த ஊருக்குப் போகும் மாலுமி ஒருவரிடம் ஒரு உருண்டை புளி கொடுத்தனுப்பினேன். வெண்டைக்காய்க் குழம்பு வைக்கும் யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லி, கரைத்து விடும் பக்குவத்தையும் விளக்கினேன். போய்ச் சேர்ந்ததா தெரியாது. இப்போதெல்லாம் அமெரிக்கக் கப்பல் எது வந்தாலும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு ஜெட்டிக்குப் போகிறேன், அக்கா. அங்கே குழம்பு இப்போது லேசாகப் புளிக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்று.