சாக்குக்குள்ளிருந்து ஒரு சிபாரிசு

புரட்டாதி 3, வியாழன்

கச்சான் காற்று. வாவிப் பக்கமிருந்து சேற்று மணம். காலையிலிருந்து கரண்ட் இல்லை.

பின்னேரம் சிவலிங்கம் சேர் சைக்கிளில் வந்து நாடகப் பிரதிகளைத் தந்துவிட்டுப் போனார். எல்லாம் புது ஆட்கள், இப்போது எழுதுகிறவர்கள். கலை விழாவில் மேடையேற்ற மூன்றைச் சிபாரிசு செய்ய வேண்டும். தெரிவுக் குழு: ஓய்வுபெற்ற அதிபர் சிவலிங்கம் சேர் (தலைவர், எதற்கும் பயம்), காத்தான்குடிப் புடைவைக் கடை ஹனீபா (கவிதை எழுதுவார், நல்ல மனிதர்), நான்.

சேர் சொன்ன நிபந்தனைகள்: பொழுதுபட முன் சனம் வீடு போய்ச் சேர வேண்டும். ஆமிக்காரரின் பச்சை உடுப்புக் கூடாது. மரத் துவக்கும் கூடாது. இளம் பொடியன்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒத்திகைக்கு வருகிறவனை வழியில் யார் கொண்டுபோனாலும் யாரிடம் போய்க் கேட்பது?

"மறுகா எதத்தான் ரீச்சர் நாடகம் எண்டு போடுற?" என்று அவரே கேட்டார். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். மண்ணெண்ணெய் வாங்க மறக்கக் கூடாது.

புரட்டாதி 5, சனி

பள்ளி இல்லை. வாசிப்பு. காற்று அப்படியே.

'முடியின் பாரம்'. ராசா, மந்திரி, செய்யுள். ராசா "யாரங்கே" என்று அடிக்கடி கூப்பிடுகிறார், ஒருவரும் வருவதில்லை. சனமும் வராது. வேண்டாம்.

'இறங்கு, ஏறு'. செங்கலடி பஸ் கொண்டக்டர் ஒருவர் எழுதியது. ஒவ்வொரு சென்றிச் சோதனையிலும் சனம் இறங்கி நடந்து ஏறுகிறது. பையில் கொண்டுபோகும் கோழியும் இறங்கி ஏறுகிறது. தனியாக இருந்து சிரித்தேன். எப்போது கடைசியாகச் சிரித்தேன் என்று தெரியவில்லை. சிபாரிசு.

'மூன்றாவது கசற்'. எழுதியவர் ஓட்டமாவடிப் பெண். சவூதிக்குப் போன மகள் கசற்றில் பேசி அனுப்புகிறாள். எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது கசற்றில் பிள்ளை ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை என்பதை உம்மா மட்டும் கண்டுகொள்கிறாள். இரண்டே இரண்டு ஆட்கள், ஒரு ரேடியோப் பெட்டி. சிபாரிசு, கண்ணை மூடிக்கொண்டு.

மற்றவை பரவாயில்லை. திட்டி எழுத மனம் வரவில்லை.

கடைசியாக 'பள்ளிக்கூட வளவு'. வாசித்தேன். மூடி வைத்தேன். கிணற்றடியில் போய் முகம் கழுவினேன். திரும்ப வாசித்தேன்.

எழுதியவள் யோகேஸ்வரி. உன்னிச்சைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே தையல் படிப்பிக்கிறாள். மேடை இல்லை. மண்டப வாசலில் ஒரு கதிரை, அதில் தலையாட்டி, ஆள் காட்டிக் கொடுப்பவர். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு அதிகாரி. பார்க்க வருகிற சனம் ஒவ்வொருவராக அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தலையாட்டி யாரோ ஒருவருக்குத் தலையாட்டுவார், யாருக்கு என்பது அவர் விருப்பம். அந்த ஆள் மட்டும் இடப்பக்கம் தனி மர வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரு குசினி, சோறு ஆக்கிவிட்டு யாரையோ பார்த்திருக்கும் இரண்டு பெண்கள், அவர்களுடைய கதை. அவ்வளவுதான். நாடகம் முடிந்தும் வாங்கில் இருப்பவரை எழும்பச் சொல்ல ஒருவரும் வருவதில்லை.

தம்பி குணம் தொண்ணூறில் இப்படித்தான் போனான். ஆமி ரவுண்டப். எல்லா ஆண்களையும் பள்ளிக்கூட வளவுக்குள் வரிசையில் விட்டார்கள். சாக்குக்காரன் தலையாட்டினான். குணம் கைமணிக்கூட்டைக் கழற்றிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்து, "அக்காட்டக் குடுத்திருங்க" என்றானாம். மணிக்கூடு வந்தது.

சாக்குக்குள் இருந்தவன் மில் இராசதுரை. அப்படித்தான் ஊர் சொல்கிறது. ரவுண்டப்புக்கு முந்திய நாள் அவனைக் கொண்டுபோனார்கள். ரவுண்டப் முடிந்த அன்று பின்னேரமே விட்டார்கள். வேறு அத்தாட்சி இல்லை. எனக்கு வேறு தேவைப்படவும் இல்லை. அவனுக்குக் குணத்தில் என்ன கோபம் என்று எட்டு வருஷமாக யோசிக்கிறேன். குணத்தின் மனைவி பூமணி மச்சாள் பக்கத்து வளவில்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் நெல் குற்ற அடுத்த ஊர் மில்லுக்குத்தான் போகிறோம். பஸ் காசு, மூட்டைக் காசு, முதுகு வலி.

புரட்டாதி 6, ஞாயிறு

குழுக் கூட்டம், ஹனீபாவின் கடையில். துணிக்கட்டுகளுக்கு நடுவில்.

என் முதல் இரண்டு சிபாரிசுக்கும் மூவரும் ஓம். 'பள்ளிக்கூட வளவு' என்றதும் சேர் கதவைப் பார்த்தார்.

"இது ஏலா ரீச்சர். இத நாம சிபாரிசு செய்தா மறுகா நம்மளையும் வரிசையில விடுவாங்க."

"இதுல ஆமி எண்டு ஒரு சொல்லும் இல்ல சேர்."

"இல்லாதபடியாத்தான் பயமா இரிக்கு."

ஹனீபா துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கட பக்கமும் ஒருத்தன் இருந்தான் ரீச்சர். சாக்கு இல்ல, சாரத்தால மூடிக்கிட்டு. ஆரெண்டு இன்னும் தெரியா. பள்ளியில ஆருக்குப் பக்கத்துல நிண்டு தொழுறன் எண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யோசிக்கிற." பிறகு ஒரு வாடிக்கைக்காரிக்குச் சீத்தைத் துணி வெட்டிக் கொடுத்தார்.

யோகேஸ்வரியைக் கூப்பிட்டிருந்தோம். மெலிந்த பெண், கதிரை நுனியில் இருந்தாள். காணாமல்போனவனைப் பற்றி எழுதாமல் சாக்குக்காரனை ஏன் வாசலில் இருத்தினாய் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

"வரிசையில நிண்டவங்களப் பத்தி எல்லாரும் எழுதுறாங்க ரீச்சர். இருந்தவனப் பத்தி ஒருத்தரும் எழுதல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. பிடிக்கவும் செய்தது. இரண்டும் உண்மை.

முடிவு: வருகிற சனி பின்னேரம் பள்ளி மண்டபத்தில் ஒரு தரம் போட்டுப் பார்ப்பது. ஊர்ச் சனத்துக்கு மட்டும். பார்த்த பிறகு சிபாரிசு. சேர் பெருமூச்சு விட்டார். ஹனீபா நாலு முழம் கறுப்புத் துணி தருகிறேன், சாக்கு மூச்சு முட்டும் என்றார். யோகேஸ்வரி சாக்குத்தான் வேண்டும் என்றாள்.

புரட்டாதி 9, புதன்

வெயில். பள்ளியில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். சாப்பிடாமல் வந்தவர்கள்.

சாக்குப் போட ஆள் இல்லை. ஓம் என்றிருந்த தபால்காரர் வரவில்லை. பதிலுக்கு அவர் மனைவி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.

"என்ட மனிசனுக்குச் சாக்குப் போடாதீங்க ரீச்சர். ஒருக்காப் போட்டா ஊர் கழட்டாது."

"நாடகம்தானேகா."

"நீங்க நாடகம் எண்டு சொல்லுவீங்க. கடையில சீனி நிறுக்கிறவன் அப்படியா பாப்பான்?"

அதிகாரிக்கு ஆள் கிடைத்துவிட்டார், கூட்டுறவுக் கடை மனேச்சர் தவராசா. அதிகாரியாக வர எல்லோருக்கும் விருப்பம்.

யோகேஸ்வரி அழும் நிலையில் இருந்தாள். நான் போடுகிறேன் என்றேன். சாக்குக்குள் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? செய்து பார்க்காமல் எப்படிச் சிபாரிசு எழுதுவது? இப்படித்தான் அவளிடம் சொன்னேன். அவளுக்கும் தவராசாவுக்கும் மட்டும் தெரியும்.

இங்கே பொய் எழுதிப் பயனில்லை. அழைப்புக் கொடுக்கும் ஆட்களில் இராசதுரையின் பெயரையும் நானே சேர்த்தேன். அவன் வாசலைத் தாண்டும்போது தலையாட்டப் போகிறேன். ஊர் முழுக்கப் பார்த்திருக்க அந்த வாங்கில் அவன் இருக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம்தான். அவனுக்கு அது போதும் என்றில்லை, எனக்குப் போதும்.

மச்சாளுக்கும் சொன்னேன், நாடகத்துக்கு வா என்று. வந்து பார்க்கட்டும்.

புரட்டாதி 12, சனி

நாடகம் முடிந்தது. இன்று எழுத முடியாது. மச்சாள் என் வீட்டில் படுத்திருக்கிறாள். என் கண்ணில் சாக்குத் தும்பு போய்ச் சிவந்திருக்கிறது.

புரட்டாதி 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி.

சாக்கு நெல்லுச் சாக்கு. உமி மணம், உள்ளே அனல். யோகேஸ்வரி வெட்டிய ஓட்டைகள் என் கண்ணுக்குச் சரியாக வரவில்லை. தலையை ஆட்டினால் ஓட்டை விலகுகிறது. ஆட்டாமல் இருந்தால் ஒரு முழ அகலத்துக்குத் தெரிகிறது: நெஞ்சும் கையும். முகம் இல்லை. முகம் பார்க்க அண்ணாந்தால் சாக்குத் தும்பு கண்ணுக்குள் விழுகிறது.

சனம் வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, தவராசா வாயே திறக்கவில்லை. ஆனால் வந்த எல்லோருடைய கையிலும் அடையாள அட்டை. நாடகம் பார்க்க வந்தவர்கள்! தாங்களாகவே எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தாங்களாகவே வரிசையாகி வந்தார்கள். ஒரு கையில் மை படிந்த விரலும் பழைய மோதிரமும். சிவலிங்கம் சேர். அவரும் பிடித்திருந்தார். சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

இராசதுரையை எப்படி அடையாளம் காண்பது என்று அப்போதுதான் யோசித்தேன். எட்டு வருஷமாக அவனை மனதில் வைத்திருந்தவள் நான். கை, அட்டை, நெஞ்சு. கை, அட்டை, நெஞ்சு. எல்லாம் ஒன்றுபோல. வரிசை நகர நகர எனக்குப் பயம் பிடித்தது, அவன் தாண்டிப் போய்விட்டானோ என்று. வியர்வை வடிந்து கண்ணுக்குள் போனது. எரிவு தாங்கவில்லை. தலையை உதறினேன்.

தவராசா சொன்னார்: "நீங்க அங்கால."

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சாக்குக்குள் வாய் இல்லை. நாடகம் கெட்டுவிடும் என்ற எண்ணமும் வந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

முன்னால் நின்றது ஆணா பெண்ணா என்று எரிவில் தெரியவில்லை. அந்த ஆள் ஏன் என்று கேட்கவில்லை. சாவிக்கொத்துச் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், பின்னால் நின்றவரிடம்: "இத மச்சாள்ட்டக் குடுத்திருங்க."

பூமணியின் குரல்.

வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நாடகம் என்று அவளுக்குத் தெரியும், அழைத்தவள் நான். தெரிந்தும் கொடுத்தாள். அன்று குணம் மணிக்கூட்டைக் கொடுத்ததுபோல. சாவியை வாங்கிய கையில் மயிரெல்லாம் தவிடு படிந்திருந்தது. "ஓம்" என்று சொல்லி வாங்கியது அந்தக் கை. எட்டு வருஷமாக நாங்கள் பேசாத இராசதுரை.

அடுத்தது அவன்தான். நேரே முன்னால், ஒரு முழத்தில். இப்போது ஆட்டியிருக்கலாம். தலை கல்லாகிவிட்டது. அவன் உள்ளே போனான்.

நாடகம் முழுக்க மச்சாள் அந்த வாங்கில் இருந்தாள். குசினிப் பெண்கள் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை. வெளிக் கதிரையில் சாக்கோடு இருந்து அழுதேன். முடிந்ததும் சனம் எழும்பி வாங்கைப் பார்த்துக்கொண்டே நின்றது, கைதட்டவில்லை. ஹனீபாதான் போய், "எழும்புங்க தங்கச்சி, நேரமாகுது" என்றார். பொழுது இறங்கிவிட்டது, எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அவனும் சாவியோடு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மச்சாள் கேட்டாள்: "சாக்குக்குள்ள ஆர் மச்சாள் இருந்த?"

தெரியா என்றேன்.

"பாவம். நல்லா வேர்த்திருக்கும்" என்றாள்.

புரட்டாதி 15, செவ்வாய்

வானம் மூட்டம். மழை வரும் போல இருந்தது, வரவில்லை. சிபாரிசு கொடுக்க இன்று கடைசி.

மச்சாள் மூன்று நாளாக என்னோடுதான். பூட்டை உடைப்போம் என்றால் வேண்டாம் என்கிறாள். போய்க் கேட்கவும் மாட்டாள். பள்ளி விட்டதும் நான் போனேன். மில் வாசலில் கால் வைத்து எட்டு வருஷம்.

அவன் சாவியைக் கடுதாசியில் சுற்றிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தான். தலை முழுக்க நரை. பார்க்காமலே இருந்ததில் தெரியவில்லை.

"நேத்து உங்கட கேற்றடி வரைக்கும் வந்தன் ரீச்சர். கூப்பிட வாய் வரல்ல."

வாங்கிக்கொண்டு திரும்பினேன். பின்னால் மெசின் நின்றது.

"சாக்குக்குள்ள ஆர் ரீச்சர் இருந்த?"

"நான்தான்."

அவன் கிட்ட வந்தான்.

"என்ன தெரிஞ்ச?"

"ஒண்டும் தெரியல்ல. கையும் நெஞ்சும்தான். ஆர் எவர் எண்டு தெரியல்ல. வேர்வை கண்ணுக்குள்ள போச்சு, தலைய உதறினன். அவ்வளவுதான்."

அவன் தவிட்டுக் கையை முகத்தில் துடைத்தான். முகம் முழுக்கத் தவிடு.

"ஓம் ரீச்சர்," என்றான். "அப்படித்தான்."

கோபம் வரும், வரட்டும் என்று நின்றேன். அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் செம்பில் தண்ணீர் தந்தான். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதி முடித்தேன். 'இறங்கு, ஏறு'. 'மூன்றாவது கசற்'. 'பள்ளிக்கூட வளவு': கட்டாயம் மேடையேற்ற வேண்டும். ஒரு திருத்தம், கடைசியில் வாங்கில் இருப்பவரை யாராவது வந்து எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டேன்.

சாவியைக் கொடுத்தேன். மச்சாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவன் என்னவும் சொன்னவனா?"

"நாடகம் நல்லமாம் எண்டு சொன்னார்" என்றேன்.